ஆதென்ஸின் ஸிஸிலித் தண்டயாத்திரை

கடல் கடந்து படை செலுத்த விரும்பும் எந்த ராஜ்யமும் முதலில் கப்பல்களை எண்ணும். பிறகு ஆட்களை எண்ணும். அதன் பிறகு பொக்கிஷத்தை எண்ணும். இம்மூன்றையும் நிறைவாக எண்ணி வைத்துக்கொண்டு புறப்பட்ட ஒரு பெருஞ்சேனை இரண்டே வருஷங்களில் அடியோடு அழிந்தது. கி.மு. 415-ஆம் வருஷத்தில் ஆதென்ஸ் நகரத்தார் ஸிஸிலித் தீவின்மீது செய்த தண்டயாத்திரையையே குறிப்பிடுகிறோம். அந்தச் சேனையை அனுப்பியவர்கள் குன்றின்மேல் கூடிக் கை தூக்கி வாக்களித்த சாதாரண ஜனங்கள். ஆகையால் குடியாட்சியில் வாழும் எந்த ஜனங்களும் இச்சரித்திரத்தை ஒரு முறைக்கு இரு முறை படிப்பது நலமென்று கருதுகிறோம்.

இதை எழுதி வைத்த துஸிடிடீஸ் என்பவர் அந்நகரத்துப் பிரஜை. தாமே சேனாபதியாக இருந்தவர். கி.மு. 424-ல் ஆம்பிபொலிஸ் என்னும் பட்டணத்தைக் காப்பாற்றத் தவறினார் என்று அவரைத் தேசப்பிரஷ்டம் செய்தார்கள். இருபது வருஷம் அந்நிய நாடுகளில் வாழ்ந்த அவர், தம்மை விரட்டிய நகரத்தின்மீது வசைபாடுவதில் காலங்கழிக்காமல், கப்பல் இத்தனை, கவண் வீரர் இத்தனை, ரொட்டி சுடுவோர் ஏறிய மரக்கலம் இத்தனை என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். புராதன காலத்துச் சேனை ஆயத்தங்களில் இவ்வளவு நுணுக்கமாக நமக்குத் தெரிந்தவை மிகச் சில.

யுத்தத்துக்கு முன் இருந்த நிலைமை

பாரஸீகரைத் தடுப்பதற்காகக் கிரேக்க நகரங்கள் கி.மு. 478-ல் ஒரு கூட்டுறவு ஏற்படுத்திக்கொண்டன. ஆதென்ஸ் அதற்குத் தலைமை வகித்தது. நாளடைவில் கூட்டாளிகள் கப்பம் கட்டும் குடிகளானார்கள். பொதுப் பொக்கிஷமும் கி.மு. 454-ல் ஆதென்ஸுக்கே வந்து சேர்ந்தது. தன் எல்லைக்குள் குடியரசாகவும் எல்லைக்கு வெளியே ஏகாதிபத்தியமாகவும் அந்நகரம் இரட்டை வாழ்வு வாழத் தொடங்கியது. கி.மு. 431-ல் ஸ்பார்ட்டாவுடன் மூண்ட யுத்தம் பத்து வருஷம் நடந்து, கி.மு. 421-ல் ஒரு சமாதானத்தில் நின்றது. அந்தச் சமாதானத்தைச் செய்துவைத்தவர் நிக்கியாஸ் என்னும் செல்வர். நிதானமும் தெய்வபயமும் மிகுந்தவர்.

யுத்த ஆரம்பத்தில் ஆதென்ஸின் தலைவராக விளங்கிய பெரிக்ளிஸ், யுத்தம் நடக்கும்போது ராஜ்யத்தை விஸ்தரிக்க முயலவேண்டாம் என்று சொல்லிவிட்டு கி.மு. 429-ல் மாண்டார். அந்த யோசனையை ஜனங்கள் விரைவில் மறந்தார்கள். கி.மு. 416-ல் மீலாஸ் என்னும் சிறு தீவு தங்களுக்கு அடங்கவில்லை என்பதற்காக அதை முற்றுகையிட்டுப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்டு பிள்ளைகளை அடிமைகளாக்கினார்கள். அந்த இரத்தக்கறை உலருவதற்குள் ஸிஸிலியிலிருந்து தூதர் வந்தார்கள்.

தூதர்கள் கண்ட பாத்திரங்கள்

ஸிஸிலியின் மேற்கே எகெஸ்டா என்றொரு பட்டணம். அதற்கும் அண்டையிலிருந்த ஸெலினஸ் பட்டணத்துக்கும் சண்டை. ஸெலினஸுக்கு உதவியாக நின்றது ஸிராக்யூஸ் என்னும் பெரிய நகரம். எகெஸ்டாக்காரர் ஆதென்ஸுக்கு வந்து, படை அனுப்பினால் செலவு முழுவதும் தங்களுடையதென்று வாக்குறுதி கூறினார்கள். ஆதென்ஸ் மகாசபை அவ்வளவில் ஏமாந்துவிடவில்லை. பணம் மெய்யாகவே இருக்கிறதா என்று பார்த்துவரத் தன் சொந்தத் தூதர்களை அனுப்பியது.

தூதர்களை எரிக்ஸ் மலைமேலிருந்த தேவியின் கோயிலுக்கு அழைத்துச் சென்று, கிண்ணங்களையும் தூபக்கால்களையும் காட்டினார்கள். அவை வெள்ளி, பார்வைக்குப் பிரமாதம், விலைக்குச் சொற்பம். பிறகு வீட்டுக்கு வீடு விருந்து நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பொன்னும் வெள்ளியுமான பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. ஊரிலிருந்த பாத்திரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, போதாததற்கு அண்டையூர்களில் இரவல் வாங்கி, அதே பாத்திரங்களை வீட்டுக்கு வீடு மாற்றி வைத்தார்கள் என்பது தூதர்களுக்குத் தெரியவில்லை. கி.மு. 415 வசந்தத்தில் அவர்கள் 60 டாலெண்ட் வெள்ளியுடன் திரும்பி வந்து, எகெஸ்டாவின் செல்வத்தை வாயாரப் புகழ்ந்தார்கள்.

இந்த 60 டாலெண்ட் என்பது என்ன கணக்கு? ஒரு போர்க்கப்பலில் ஏறக்குறைய 200 பேர். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு டிராக்மா சம்பளம். ஒரு கைத்தொழிலாளியின் தினக்கூலியும் ஏறத்தாழ அதுவே. முப்பது நாளைக்கு 6,000 டிராக்மா. அதுதான் ஒரு டாலெண்ட். ஆகவே ஒரு கப்பலுக்கு ஒரு மாதத்துக்கு ஒரு டாலெண்ட். எகெஸ்டா கொடுத்தது 60 கப்பல்களுக்கு ஒரே ஒரு மாதச் சம்பளம். அந்த ஒரு மாதச் சம்பளத்தை நம்பியே மகாசபை 60 கப்பல்களை அனுப்பத் தீர்மானித்தது.

மகாசபையில் நடந்த விவாதம்

சேனாபதிகளாக மூவரை நியமித்தார்கள். ஒருவர் நிக்கியாஸ், இந்த யாத்திரையே கூடாதென்பது அவர் கட்சி. இரண்டாமவர் ஆல்ஸிபியாடிஸ், இளைஞர், அழகர், பேச்சில் வல்லவர், பந்தயக் குதிரைகளில் பணத்தை வாரியிறைப்பவர், யாத்திரைக்கு மூலகாரணமே அவர்தான். மூன்றாமவர் லமாக்கஸ், ராஜதந்திரம் அறியாத பழைய போர்வீரர். மூவருக்கும் சம அதிகாரம். ஒருவர் மற்றவருக்கு உட்பட்டவரல்லர்.

ஐந்தாம் நாள் கப்பல்களின் தேவைகளைப் பற்றி யோசிப்பதற்காகச் சபை மறுபடியும் கூடியது. அப்போது நிக்கியாஸ் எழுந்து, முடிந்துபோன விஷயத்தை மீண்டும் கிளப்பினார். பக்கத்திலிருக்கும் சத்துருவை விட்டுவிட்டுத் தூரத்தில் புதிய சத்துருவைத் தேடவேண்டாம் என்றார். ஆல்ஸிபியாடிஸ் பதில் சொன்னார். ஸிஸிலி நகரங்கள் பலதரப்பட்ட ஜனக்கும்பல்கள், எளிதில் பிளந்துவிடும் என்றார். சும்மா இருக்கும் ராஜ்யம் தேய்ந்துபோகும் என்றார். சபை அவர் பக்கம் சாய்ந்தது.

அப்போது நிக்கியாஸ் ஒரு யுக்தி செய்தார். நேராகத் தடுக்க முடியாததைச் செலவுக் கணக்கால் பயமுறுத்தித் தடுக்கலாமென்று எண்ணினார். 60 கப்பல் போதாது, 100-க்குக் குறையக்கூடாது. கவச வீரர் 5,000-க்குக் குறையக்கூடாது. முடிந்தால் அதற்கு மேலும் வேண்டும். வில்லாளிகள் வேண்டும், கவண் வீரர் வேண்டும், கோதுமையும் வறுத்த பார்லியும் ஏற்றிய கப்பல்கள் வேண்டும், மாவு ஆலைகளிலிருந்து கூலிக்கு ரொட்டி சுடுவோரை வீதாசாரப்படி பிடித்து அனுப்பவேண்டும் என்று அடுக்கினார். இவ்வளவு செலவைக் கேட்டால் ஜனங்கள் பின்வாங்குவார்கள் என்பது அவர் எண்ணம்.

நடந்தது நேர்மாறு. இவ்வளவு பெரிய சேனை போனால் தோல்வியே கிடையாது என்று ஜனங்கள் எண்ணிவிட்டார்கள். முதியவர் வெற்றியை நினைத்தார்கள். வாலிபர் தூரதேசங்களைப் பார்க்கும் ஆசையில் மிதந்தார்கள். ஏழைகள் இப்போதைக்குச் சம்பளம், பிறகு வெல்லப்போகும் நாட்டிலிருந்து நித்திய சம்பளம் என்று கணக்குப் போட்டார்கள். மல்யுத்தக் கூடங்களில் இளைஞர்கள் மணலில் ஸிஸிலியின் படம் வரைந்துகொண்டிருந்தார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அந்தத் தீவு ஆதென்ஸின் சொந்த நாடாகிய ஆட்டிக்காவைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு பெரியது என்பதோ, அதில் எத்தனை ஜனங்கள் வாழ்கிறார்கள் என்பதோ அவர்களில் அநேகருக்குத் தெரியாது.

இங்கே துஸிடிடீஸ் ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். நம் அபிப்பிராயத்தில் அவருடைய சரித்திரம் முழுவதிலும் அதைவிட முக்கியமான இடம் இல்லை. இந்த யாத்திரை பிசகென்று எண்ணியவர்களும் அந்தச் சபையில் இருந்தார்களாம். ஆனால் எதிராகக் கை தூக்கினால் தேசத்துக்குத் துரோகம் நினைப்பவர் என்று பெயர் வருமோ என்று அஞ்சி மௌனமாக இருந்துவிட்டார்களாம்.

கப்பலும் ஆளும்

தீர்மானமான பிறகு வேலை நடந்த விதத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆதென்ஸின் போர்க்கப்பல் நீளமாகவும் ஒடுக்கமாகவும் லேசாகவும் கட்டப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வரிசைகளில் துடுப்பு வலிப்போர் அமர்ந்திருப்பார்கள். மேல் வரிசையில் 62 பேர், மற்ற இரண்டு வரிசைகளிலும் 54 பேர் வீதம், ஆக 170 பேர். மாலுமிகளும், தட்டில் நிற்கும் வீரரும், வில்லாளிகளும் சேர்ந்து 200 ஆகும். முனையிலே வெண்கலம் பூட்டிய இடிகொம்பு. இந்தக் கப்பலே ஓர் ஆயுதம். சத்துருவின் விலாவில் இடித்துத் துளைத்துவிட்டு விலகிக்கொள்வதே யுத்த முறை.

கப்பலின் உடலையும், துடுப்பு வலிப்போரின் சம்பளத்தையும் அரசாங்கம் கொடுத்தது. கப்பலை நல்ல நிலையில் வைத்து நடத்தும் பொறுப்பு ஒவ்வொரு செல்வரிடம் விடப்பட்டது. தங்கள் கப்பலே வேகத்திலும் அழகிலும் முதலாவதாக இருக்கவேண்டுமென்று அச்செல்வர்கள் போட்டியிட்டார்கள். மேல் வரிசையில் நீண்ட துடுப்பு வலிக்கும் திறமைசாலிகளுக்குச் சம்பளத்துக்கு மேலே தங்கள் கையிலிருந்து பணம் கொடுத்தார்கள். கப்பல் முகப்புகளை அலங்கரித்தார்கள். கவச வீரரும் தத்தம் ஆயுதங்களைத் துலக்குவதில் ஒருவரையொருவர் மிஞ்சப் பார்த்தார்கள். யுத்தத்துக்குப் போகிறார்களா, செல்வத்தைக் காட்டப் போகிறார்களா என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்படி இருந்தது.

சேர்ந்த சேனையின் தொகை வருமாறு: மூவரிசைக் கப்பல்கள் 134. இவற்றில் ஆதென்ஸினுடையவை 100. அவற்றுள்ளும் 60 விரைந்து செல்லும் போர்க்கப்பல்கள், 40 படை ஏற்றிச் செல்பவை. மீதி, கீயாஸ் முதலிய கூட்டாளிகளுடையவை. ரோட்ஸ் தீவார் அனுப்பிய ஐம்பது துடுப்புக் கப்பல்கள் 2. கவச வீரர் 5,100. இவர்களில் ஆதென்ஸின் படைப்பதிவிலிருந்து எடுக்கப்பட்டவர் 1,500, கப்பல் தட்டில் நின்று போரிட ஏழைக் குடிகளிலிருந்து எடுக்கப்பட்டவர் 700. ஆர்காஸிலிருந்து 500 பேர் வந்தார்கள். மான்டினியாவிலிருந்தும் கூலிப்படையிலிருந்தும் 250 பேர். வில்லாளிகள் 480, அவர்களில் 80 பேர் கிரீட் தீவினர். ரோட்ஸ் தீவுக் கவண் வீரர் 700. மெகாராவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த இலகு ஆயுத வீரர் 120. துடுப்பு வலிப்போரை மட்டும் கணக்கிட்டாலே 20,000 பேருக்கு மேலாகும்.

இவர்களுக்குப் பின்னே தானியம் ஏற்றிய 30 கப்பல்கள். அவற்றிலேதான் ரொட்டி சுடுவோரும், கொத்தரும், தச்சரும், மதில் கட்டுவதற்கு வேண்டிய கருவிகளும் சென்றன. சர்க்கார் உத்தரவின்பேரில் பிடிக்கப்பட்ட 100 படகுகள் கூடச் சென்றன. வியாபாரம் செய்து லாபம் பெறலாமென்று தாமாகவே தொடர்ந்த மரக்கலங்கள் பல. ஒரு நகரமே தண்ணீர்மீது ஏறிப் புறப்பட்டதென்று சொல்லலாம்.

இவ்வளவு பெரிய பட்டியலில் ஒரே ஒரு வரியைத் தனியே எடுத்து வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். குதிரை ஏற்றிய கப்பல் ஒன்று, குதிரைகள் 30. பெரிக்ளிஸ் கி.மு. 430-ல் அருகிலிருந்த எபிடாரஸ்மீது சென்றபோது 300 குதிரை வீரரை அழைத்துச் சென்றிருந்தார். ஸிராக்யூஸாருக்குக் குதிரைப்படை மிகுதி என்று நிக்கியாஸே சபையில் எச்சரித்திருந்தார். எனினும் தம் பக்கத்துக்கு ஒரு குதிரைப்படையை அவர் கேட்கவில்லை. மகாசபையும் கொடுக்கவில்லை.

பைரீயஸ் துறைமுகத்தில்

கி.மு. 415 கோடையின் நடுவே ஒரு நாள் அதிகாலையில் நகரம் முழுவதும் பைரீயஸ் துறைமுகத்துக்கு இறங்கி வந்தது. மகனை அனுப்ப வந்தவர், சிநேகிதனை அனுப்ப வந்தவர், வேடிக்கை பார்க்க வந்த பரதேசிகள், எல்லோரும் கரையில் நெருங்கி நின்றார்கள். அந்தக் கடைசி நேரத்தில்தான் அபாயத்தின் எண்ணம் பலருக்கு உறைத்தது. ஆனால் கண்முன் நின்ற கப்பல்களைப் பார்த்ததும் தைரியம் திரும்பியது. எக்காளம் ஊதியது, எங்கும் நிசப்தம். ஒவ்வொரு கப்பலும் தனித்தனியே செய்யும் பிரார்த்தனையை அன்று எல்லாக் கப்பல்களும் ஒரே குரலாகச் செய்தன. பொற்கிண்ணங்களாலும் வெள்ளிக்கிண்ணங்களாலும் தெய்வங்களுக்கு மது வார்த்தார்கள். கரையிலிருந்தவர்களும் சேர்ந்து பிரார்த்தித்தார்கள். போர்ப்பாட்டைப் பாடிக்கொண்டு வரிசையாக வெளியேறிய கப்பல்கள், ஈஜினா தீவு வரையில் ஒன்றோடொன்று பந்தயம் ஓடின.

கார்ஸைரா தீவில் கூட்டாளிகள் காத்திருந்தார்கள். அங்கே சேனையைப் பார்வையிட்டு, மூன்று பிரிவாக வகுத்து, சீட்டுப்போட்டு ஒவ்வொரு சேனாபதியிடமும் ஒரு பிரிவை ஒப்படைத்தார்கள். இதற்குக் காரணம் உண்டு. இந்தப் போர்க்கப்பலில் 200 பேர் நெருங்கியிருக்க இடமிருந்ததே தவிர, உணவும் தண்ணீரும் பல நாட்களுக்குச் சேர்த்து வைக்கவோ, படுத்துறங்கவோ இடமில்லை. கரையோரமாகச் சென்று அடிக்கடி இறங்கியே ஆகவேண்டும். 134 கப்பல்களும் ஒரே துறையில் இறங்கினால் எந்த ஊருணியும் எந்தக் கடைத்தெருவும் தாங்காது. ஆகையால் பிரித்தார்கள். எந்த நகரம் இடங்கொடுக்கும் என்று அறிந்துவர மூன்று கப்பல்களை முன்னால் அனுப்பினார்கள். ஏற்பாடு செய்யக்கூடிய விஷயங்களில் இவர்களை விஞ்சியவர் அக்காலத்தில் இல்லை.

அடைக்கப்பட்ட கதவுகள்

இத்தாலியின் கரையை அடைந்தபோதுதான் முதல் அடி விழுந்தது. எந்த நகரமும் கோட்டைக்கதவைத் திறக்கவில்லை, கடைத்தெருவும் கொடுக்கவில்லை. சில நகரங்கள் தண்ணீருக்கும் நங்கூரத்துக்கும் மட்டும் அனுமதித்தன. டாரெண்டமும் லோக்ரியும் அதைக்கூட மறுத்தன. நட்புக் கொண்டாடிவந்த ரேஜியம் ஊருக்கு வெளியே சந்தை வைத்துக் கொடுத்ததே தவிர, உள்ளே விடவில்லை. மீலாஸுக்கு நேர்ந்ததை அந்நகரங்கள் கேள்விப்படாமல் இருந்திருக்குமா? ஆதென்ஸின் நட்பு எத்தகையதென்று கிரேக்க உலகத்துக்குத் தெரிந்திருந்தது. சேனை பெரிதாகப் பெரிதாக அதைக் கண்டு அஞ்சி விலகுவோரும் பெருகுவார்கள் என்பதை மணலில் படம் வரைந்தவர்கள் யோசிக்கவில்லை.

முன்னால் சென்ற கப்பல்கள் எகெஸ்டாவிலிருந்து திரும்பி வந்தன. அங்கே இருந்த பணம் மொத்தம் 30 டாலெண்ட். இரவல் பாத்திரங்களின் கதை அப்போதுதான் வெளிப்பட்டது.

மூன்று சேனாபதிகளும் கூடி யோசித்தார்கள். மூன்று யோசனைகள் பிறந்தன. ஸெலினஸ் வரை சென்று அந்தச் சண்டையை எப்படியாவது தீர்த்துவைத்து, பலத்தைக் காட்டிவிட்டு வீடு திரும்பலாம் என்றார் நிக்கியாஸ். நகரங்களைப் பேசிச் சேர்த்துக்கொண்டு பிறகு யுத்தம் செய்யலாம் என்றார் ஆல்ஸிபியாடிஸ். ஸிராக்யூஸார் திடுக்கிட்டு நிற்கும் இப்போதே நேராகச் சென்று தாக்கவேண்டும் என்றார் லமாக்கஸ். மூன்றில் யுத்தரீதியாகச் சிறந்தது லமாக்கஸின் யோசனையே. ஆனால் மூவருக்கும் சம அதிகாரமாதலால் முட்டுக்கட்டை நேர்ந்தது. கடைசியில் லமாக்கஸ் தம் யோசனையைக் கைவிட்டு ஆல்ஸிபியாடிஸுடன் சேர்ந்துகொண்டார்.

அந்த யோசனையையும் அதன் ஆசிரியர் நடத்திவைக்கவில்லை. கப்பல்கள் புறப்படுமுன் ஓர் இரவில் ஆதென்ஸ் வீதிகளிலிருந்த ஹெர்மிஸ் சிலைகளை எவரோ உடைத்துவிட்டார்கள். அதைத் தொடர்ந்த விசாரணையில், தெய்வ ரகசியச் சடங்குகளைப் பரிகாசம் செய்தாரென்று ஆல்ஸிபியாடிஸ்மீது குற்றம் சாட்டினார்கள். உடனே விசாரியுங்கள் என்று அவர் மன்றாடினார். சேனை அவர் பக்கமிருந்ததால், விரோதிகள் அப்போது அவரைப் போகவிட்டு, பிறகு விசாரணைக்கு வரும்படி அரசாங்கக் கப்பலை அனுப்பினார்கள். அவர் வழியில் தப்பி ஸ்பார்ட்டாவுக்குச் சென்று, ஆதென்ஸின் ரகசியங்களைச் சத்துருவுக்குச் சொல்லிக்கொடுத்தார். யாத்திரையை விரும்பியவர் ஓடிவிட்டார். விரும்பாதவர் கையில் அது சிக்கிக்கொண்டது.

குதிரைகள்

அவ்வருஷக் கடைசியில் ஸிராக்யூஸ் துறைமுகத்தருகே இறங்கி நடத்திய முதற்போரில் ஆதென்ஸ் வீரர் வென்றார்கள். ஆனால் ஓடிய சத்துருவைத் துரத்த முடியவில்லை. ஸிராக்யூஸாரின் 1,200 குதிரை வீரர் குறுக்கே நின்று தடுத்துவிட்டார்கள். வெற்றி பெற்ற சேனை கப்பலேறித் திரும்பிப்போய்க் குளிர்காலத்தைச் சும்மா கழித்தது. குதிரையும் பணமும் கேட்டு ஊருக்குச் சொல்லியனுப்பினார்கள். கி.மு. 414 வசந்தத்தில் 300 டாலெண்ட் வெள்ளி வந்தது. குதிரை வீரர் 250 பேர் சேணத்தோடு வந்தார்கள். குதிரைகளை அங்கேயே தேடிக்கொள்ளச் சொன்னார்கள். 650 குதிரை வீரரைச் சேர்ப்பதற்குள் ஒரு வருஷம் போயிற்று. அந்த ஒரு வருஷத்தில் ஸிராக்யூஸ் பயம் தெளிந்து, சேனாபதிகளைக் குறைத்து, மதிலை விரித்து, ஸ்பார்ட்டாவின் உதவியையும் தேடிக்கொண்டது.

முற்றுகை தொடங்கியது. கொத்தரும் தச்சரும் தங்கள் வேலையை அதிசயிக்கத்தக்க விரைவில் செய்தார்கள். மதில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே லமாக்கஸ் போரில் மாண்டார். ஸ்பார்ட்டாவிலிருந்து கில்லிப்பஸ் என்னும் ஒரே ஒரு சேனாபதி வந்து சேர்ந்து, குறுக்கு மதில் கட்டி முற்றுகையை முறித்தார். சம அதிகாரமுள்ள மூவர் செய்ய முடியாததை ஒருவர் செய்தார்.

நிக்கியாஸின் கடிதம்

கி.மு. 414 குளிர்காலத்தில் நிக்கியாஸ் மகாசபைக்கு ஒரு கடிதம் எழுதினார். தூதன் வாயால் சொல்லியனுப்பினால் ஜனங்களுக்குப் பிடித்ததை மட்டும் சொல்லிவிடுவானென்று பயந்து எழுத்தில் வைத்தார். கப்பல்கள் நெடுநாள் தண்ணீரிலேயே நின்று ஊறிவிட்டன. கரையேற்றி உலர்த்தலாமென்றால் சத்துருவின் கப்பல்கள் எதிரே நிற்கின்றன. விறகுக்கும் தண்ணீருக்கும் வெளியே போகிறவர்களைக் குதிரை வீரர் வெட்டிவிடுகிறார்கள். அடிமைகள் ஓடிவிடுகிறார்கள். கூலிக்கு வந்த அந்நியர் நழுவுகிறார்கள். சிலர் ஹிக்காரா பட்டணத்தில் பிடித்து விற்ற அடிமைகளை வாங்கித் தங்களுக்குப் பதிலாகத் துடுப்பில் உட்காரவைத்துவிட்டு வியாபாரம் செய்கிறார்கள். பந்தயம் ஓடிய அந்தக் கப்பல்களின் கதி ஒன்றரை வருஷத்தில் இதுவாயிற்று.

எங்களைத் திரும்ப அழையுங்கள்; அல்லது முதற்சேனைக்குச் சமமான இன்னொரு சேனையை அனுப்புங்கள்; எனக்குச் சிறுநீரக வியாதி, வேறொருவரை நியமியுங்கள் என்று கடிதம் முடிந்தது. மகாசபை அவரை விடுவிக்கவில்லை. சேனையை அழைக்கவும் இல்லை. டெமாஸ்தனிஸ், யூரிமிடான் என்னும் இருவரின் தலைமையில் இரண்டாவது சேனையை அனுப்பியது. 73 கப்பல்கள், கவச வீரர் சுமார் 5,000. முதல் செலவு வீணாகக்கூடாதென்று இரண்டாவது செலவு. சூதாட்டத்தில் தோற்றவன் எழுந்திராததைப்போல அது இருந்தது.

கி.மு. 413 கோடையில் டெமாஸ்தனிஸ் நடத்திய இரவுத் தாக்குதல் இருளில் குழம்பிச் சிதறியது. உடனே திரும்பிவிடுவோம் என்று அவர் சொன்னார். ஊர் போனால் ஜனங்கள் தண்டிப்பார்களென்று நிக்கியாஸ் தயங்கினார். கடைசியில் இணங்கியபோது, ஆகஸ்டு 27-ஆம் தேதி இரவு சந்திர கிரகணம் பிடித்தது. சோதிடர் சொற்படி மூன்று ஒன்பது நாள் காத்திருக்க வேண்டுமென்றார் நிக்கியாஸ். அந்த நாட்களில் சத்துரு துறைமுக வாயை அடைத்துவிட்டான். விரிந்த கடலில் வேகத்தால் வெல்லும் கப்பல்கள், நெருங்கிய துறைமுகத்துக்குள் அகப்பட்டுக்கொண்டன. ஸிராக்யூஸாரோ முன்பே தங்கள் கப்பல் முனைகளைக் குட்டையாக்கித் தடித்த மரத்தால் பலப்படுத்தி, நேருக்குநேர் மோதுவதற்கு ஆயத்தமாக இருந்தார்கள். கடற்போரில் ஆதென்ஸ் தோற்றது.

மிஞ்சிய 40,000 பேர் தரைவழியே புறப்பட்டார்கள். நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் விட்டுப் போனார்கள். அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டும், கூடாரத் தோழரின் கழுத்தைக் கட்டிக்கொண்டும், நடக்க முடிந்த மட்டும் பின்னால் வந்தும் விழுந்தார்கள். அஸினாரஸ் ஆற்றில் தாகத்தால் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, இரத்தமும் சேறும் கலந்த தண்ணீரைக் குடித்தபடியே வெட்டுண்டார்கள். நிக்கியாஸும் டெமாஸ்தனிஸும் கொல்லப்பட்டார்கள். பிடிபட்ட 7,000 பேருக்குக் குறையாதவர்களைக் கல் வெட்டும் பள்ளங்களில் அடைத்து, எட்டு மாத காலம் நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீரும் அரை லிட்டர் அளவு தானியமும் கொடுத்தார்கள். பகலில் வெயில், இரவில் குளிர், அருகில் பிணங்கள். இரண்டு சேனைகளிலுமாகப் போன 200-க்கு மேற்பட்ட கப்பல்களில் ஒன்றும் திரும்பவில்லை. போனவர்களில் வீடு சேர்ந்தவர் மிகச் சிலரே.

செய்தி ஆதென்ஸுக்கு வந்தபோது ஜனங்கள் முதலில் நம்பவில்லை. பிறகு, யாத்திரையைத் தூண்டிய பிரசங்கிகள்மீது சீறி விழுந்தார்கள். வாக்களித்தவர்கள் தாங்களே என்பதை மறந்தார்கள். குடியாட்சி கி.மு. 411-ல் சிலகாலம் கவிழ்ந்தது. கி.மு. 404-ல் நகரமே ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது.

நாம் அறியவேண்டியது

அந்நியர் யுத்தத்தில் பிறர் கட்டளைக்குச் செல்வது எத்தகையதென்பதை நம் நாடு அறியும். 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் பிரான்ஸுக்கும், மெஸொபொட்டேமியாவுக்கும், கலிப்போலிக்கும், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். இந்திய ஜனங்களின் வாக்கைக் கேட்டு எவரும் அவர்களை அனுப்பவில்லை. ஆதென்ஸுக்குக் கப்பம் கட்டிய தீவுகளின் வாலிபர் ஸிராக்யூஸ் பள்ளங்களில் இறந்ததும் அப்படியே. அடிமை நாட்டானுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. ஆகவே கேட்காத குற்றமும் அவனைச் சாராது.

ஆதென்ஸ் குடிகளின் விஷயம் வேறு. அவர்களுக்குச் சபை இருந்தது; வாக்கு இருந்தது; எதிர்த்துப் பேச நா இருந்தது. எகெஸ்டாவின் பாத்திரங்கள் யாருடையவை? குதிரைகள் எங்கே? மூவரில் முடிவு சொல்பவர் யார்? இத்தாலி நகரங்கள் கதவை அடைத்தால் என்ன செய்வது? இந்த நாலு கேள்விகளை அந்தச் சபையில் நாலு பேர் எழுந்து கேட்டிருக்கலாம். கேட்கக்கூடியவர்களும் அங்கே இருந்தார்கள். தேசபக்தியில் குறைந்தவர்கள் என்று அக்கம்பக்கத்தார் எண்ணிவிடுவார்களே என்று அவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். பகிரங்கமாகச் சொல்லவேண்டியதை நிக்கியாஸ் யுக்தியாகச் சொன்னார். யுக்தி அவரையே கொன்றது.

சுயராஜ்யம் பெற்று, ஒவ்வொருவரும் வாக்கு என்னும் ஆயுதத்தைக் கையில் வைத்திருக்கும் நம் ஜனங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. யுத்தம் போன்ற பெரிய காரியங்களில் தயக்கத்தை வாய்விட்டுச் சொல்பவனைத் துரோகி என்று கூவுவது எளிது. அந்தக் கூச்சலுக்கு அஞ்சி ஒருவன் மௌனமானால், சேனையின் கணக்கில் ஒரு குறை எவர் கண்ணிலும் படாமல் தங்கிவிடுகிறது. அந்தக் குறைக்கு விலை கொடுப்பவன் கூவியவனுமல்லன், மௌனமானவனுமல்லன். துடுப்பு வலிக்கப் போன ஏழை. தேசத்தை நேசிப்பவர்கள் கேள்வி கேட்கட்டும். கேள்வி கேட்பவர்களைத் தேசம் பொறுமையோடு கேட்கட்டும். அதற்குப் பிறகு கப்பல்களை எண்ணலாம்.